ஹவுஸ்போட்டில் சோலார் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம். பிழைப்பு ஆலப்புழையில், படகுகளுக்கு வயரிங்கும் சோலாரும் போடுவது. போனில் கேட்பவர்கள் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள்தான்: படகைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்கள், பழைய கெட்டுவள்ளத்தை, அதாவது கயிற்றால் தைத்த மரப் படகை, வாங்கிச் சரிசெய்கிறவர்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். கீழே வரும் கணக்குகள் இரண்டு படுக்கையறை உள்ள படகுக்கு. அதில் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் சோலாரில் ஓட வேண்டும், ஏசி இருந்தால் அதை ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேனல் போடணும்?

எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், நான் இதற்குக் கடைசியில்தான் பதில் சொல்வேன். ஹவுஸ்போட்டில் கணக்கு ராத்திரியிலிருந்து தொடங்குகிறது. மீனவர்கள் வலை போடும் நேரம் என்பதால் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கெல்லாம் படகைக் கரையில் கட்டிவிடுவோம். விருந்தாளிகள் அறைக்குள் வருவதும், ஃபேன் சுற்றத் தொடங்குவதும், விளக்கு எரிவதும், சமையல்காரர் ஃபிரிட்ஜை நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பதும் அதற்கப்புறம்தான். மறுநாள் காலை எட்டு மணி வரை பேனலிலிருந்து உருப்படியாக எதுவும் வராது. அந்தப் பதினான்கு மணி நேரத்தை பேட்டரி தனியாகத் தாங்க வேண்டும். ராத்திரிக்கு எவ்வளவு வேண்டும் என்பது பேட்டரியைத் தீர்மானிக்கும். முழு நாளுக்கு எவ்வளவு வேண்டும் என்பது பேனலைத் தீர்மானிக்கும். பேனலை வாங்கிவிட்டு மற்றதை யோசித்தவர்களின் படகில் இன்றும் ராத்திரி பதினோரு மணிக்கு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கிறது.

சரி, அந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

வாட்டை மணி நேரத்தால் பெருக்குங்கள், ஆயிரம் வந்தால் ஒரு யூனிட், அவ்வளவுதான். நான்கு பி.எல்.டி.சி. ஃபேன் (கரண்ட் குறைவாக எடுக்கும் புது வகை), ஒவ்வொன்றும் 30 வாட், ராத்திரி பத்து மணி நேரமும் பகலில் இரண்டு மணி நேரமும் என்றால் 1,440. பத்து எல்.இ.டி. பல்பு, 9 வாட் வீதம் ஐந்து மணி நேரம், 450. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் நல்ல நிலையில் இருந்தால் ஒரு நாளுக்கு 900 பக்கம். டிவி 150, போன் சார்ஜ் 60, தண்ணீர் மோட்டார் இருபது நிமிடம் ஓடினால் 170, படகின் அடியில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் சின்ன பம்புக்கு 40.

இங்கே பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருப்பதற்கே கரண்ட் எடுக்கும். 20 வாட் என்று வைத்தாலும் நாளுக்கு 480, அதாவது உங்கள் பல்புகள் எல்லாம் சேர்ந்து எடுப்பதைவிட அதிகம். மொத்தம் கூட்டினால் 3,690, சுமார் 3.7 யூனிட். இதில் மாலை ஆறிலிருந்து காலை எட்டுக்குள் போவது 2.9 யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே. மாற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ராத்திரிக்கு 3.2 யூனிட் எடுப்போம்.

பழைய 75 வாட் ஃபேனையே வைத்துக்கொண்டால் ஃபேன் கணக்கு மட்டும் 3,600 ஆகிவிடும், மேலே போட்ட மொத்தக் கணக்கைத் தொட்டுவிடுகிறது பாருங்கள். அதனால் சோலாருக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் செலவு நான்கு புது ஃபேனாக இருக்கட்டும்.

ஒவ்வொரு பொருளிலும் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு போதாதா?

பல்புக்குப் போதும், ஃபிரிட்ஜுக்குப் போதாது. பிளக்கில் செருகும் யூனிட் மீட்டர் ஒன்று எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். அதை மாட்டி ஒரு முழு நாள் விடுங்கள், விருந்தாளிகள் இருக்கும் நாளாகப் பார்த்து. ஒரு படகில் இப்படி மாட்டியபோது ஃபிரிட்ஜ் மட்டும் நாளுக்கு 2 யூனிட் காட்டியது. கதவைத் திறந்து ரப்பரை விரலால் தடவிப் பார்த்தேன். கீழ்மூலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, உள்ளிருந்து குளிர்காற்று கணுக்காலில் அடித்தது. ரப்பரை மாற்றினோம், ஃபிரிட்ஜை அடுப்புக்குப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் நகர்த்தினோம், மீட்டர் பாதிக்கு இறங்கிவிட்டது. ஒரு பேனலின் வேலையில் பாதிக்கு மேல் இப்படி வீணாகிக்கொண்டிருந்தது.

ஏசி ஓடுமா?

இந்த அளவு அமைப்பில் ஓடாது. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறு வரை ஓடினால் ஒரு அறைக்கு 5, 6 யூனிட் எடுக்கும். இரண்டு அறைக்குப் பத்துக்கு மேல், அதுவும் முழுக்க முழுக்க இருட்டில். அதற்கு பேட்டரியே 15 யூனிட் கொள்ளளவில் வேண்டும், கூரை முழுவதையும் பேனலால் மூட வேண்டும். செய்ய முடியாத காரியம் இல்லை, ஆனால் அது வேறு திட்டம், வேறு பட்ஜெட். "சின்ன சோலார்லயே ஏசியும் ஓடும்" என்று யாராவது விற்க வந்தால், ஒன்பது மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் ராத்திரியில்.

இப்போதாவது பேனல் எத்தனை என்று சொல்லுங்கள்.

கேரளக் கரையில் வெயிலை, வருஷம் பூராவும் பார்த்து, கொஞ்சம் கஞ்சத்தனமாகவே நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயில் என்று வைக்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் இதைவிட நன்றாக அடிக்கும். சூடு, தூசி, வயர், இன்வெர்ட்டர் என்று கால் பங்கு வீணாகும். ஆக ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு 3 யூனிட் தரும். நமக்கு வேண்டியது 3.7. கணக்குப்படி 1.25 கிலோவாட் போதும். நான் 540 வாட் பேனல் மூன்று போடச் சொல்வேன், 1.62 கிலோவாட். சாதாரண நாளில் ஒரு யூனிட் மிஞ்சும், மூடாப்பு போட்ட நாளில் அந்த மிச்சம்தான் கைகொடுக்கும்.

பேனலைக் கூரை மேல் எப்படி வைப்பது? கூரை மூங்கில் பாயாச்சே.

அதில் நேராக வைக்கவே கூடாது. கெட்டுவள்ளத்தின் கூரை வளைவானது, மூங்கில் சட்டத்தின் மேல் பாய் போட்டது. மழைக்கும் வெயிலுக்கும் ஆனது, எடைக்கு ஆனதல்ல. 540 வாட் பேனல் ஒன்று சுமார் 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், எடை 28 கிலோ பக்கம். மூன்று பேனலும் சட்டமும் சேர்ந்தால் ஒன்றரை ஆள் எடை தாண்டிவிடும். அலுமினியச் சட்டம் செய்து, அதன் கால்களைக் கூரைக்குள் இறக்கி, கீழே தளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளில் நட்டு போல்ட்டால் பிடிக்க வேண்டும். படகின் உடலில், அந்த அயனிப் பலகைகளில், ஒரு ஆணி கூட அடிக்காதீர்கள். கயிற்றால் தைத்துச் சேர்த்த பலகை அது, ஆணியே இல்லாமல் நிற்பதுதான் அதன் கட்டு. துளை போட்டால் அந்த இடத்தில் தண்ணீர் வரும்.

எடை உயரத்தில் ஏறுவதால் படகு ஆடும் விதமும் மாறும். பேனல்களை இடம் வலம் சமமாக, முடிந்த அளவு தாழ்வாக வையுங்கள். உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021-இன்படி படகுக்குப் பதிவும் சர்வேயும் (படகைப் பரிசோதிப்பது) உண்டு, கூரையில் எடை ஏற்றும் முன் சர்வேயரிடம் வரைபடத்தைக் காட்டிவிடுங்கள். அப்புறம் நீங்கள் போகும் வழியில் உள்ள பாலங்களின் உயரத்தை ஸ்ராங்கிடம் (படகை ஓட்டுகிறவர்) கேளுங்கள், மழைக்காலத்தில் தண்ணீர் ஏறியிருக்கும்போது உள்ள உயரத்தை.

பேனலுக்கும் கூரைக்கும் நடுவே அரை அடியாவது இடைவெளி விடுங்கள். பேனல் சூடானால் கரண்ட் குறையும். அறுபது டிகிரி சூட்டில் எட்டில் ஒரு பங்கு போய்விடும்.

தெற்கே சாய்த்து வைக்கணுமா?

வீட்டில் என்றால் ஆமாம், இங்கே பத்து டிகிரி சாய்வு சரியாக இருக்கும். படகு நாள் முழுக்கத் திரும்பிக்கொண்டே இருக்கிறது, தெற்கு எங்கே இருக்கிறது என்று பேனலுக்குத் தெரியாது. கிட்டத்தட்டத் தட்டையாக வையுங்கள், மழைத்தண்ணீர் வழிந்தோட மூன்று நான்கு டிகிரி சாய்வு மட்டும் போதும்.

சாய்வைவிட நிழலைப் பற்றிக் கவலைப்படுங்கள். காயல் கரையெல்லாம் தென்னை. ஒரே ஒரு ஓலையின் நிழல் பேனலின் குறுக்கே விழுந்தால் பேனலில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே அணைந்துவிடும், சில சமயம் அதற்கு மேலும். மதியச் சாப்பாட்டுக்குப் படகை நிழலில் கட்டுவது எல்லா ஸ்ராங்குக்கும் பழக்கம், விருந்தாளிகளுக்கும் அதுதான் பிடிக்கும். பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரைதான் பேனல் சம்பாதிக்கும் நேரம். தென்னைக்கு நேர் கீழே இல்லாமல் ஒரு படகு நீளம் தள்ளிக் கட்டச் சொல்லி ஸ்ராங்கிடம் பேசுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் அவரே பார்த்துக்கொள்வார்.

லித்தியமா, டியூபுலர் பேட்டரியா?

படகுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. 24 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர் பேட்டரி 5.1 யூனிட் கொள்ளும், எண்பது சதவீதம் எடுத்தால் 4.1. ராத்திரிக்கு நமக்கு வேண்டியது 3.2. மீதி, காலை மழையாக இருந்தால் மதியம் வரை தாங்கும். 150 ஆம்பியர் ஹவர் போட்டால் 3.07, அதாவது மயிரிழையில் பற்றாது. அதனால்தான் 200 என்கிறேன்.

டியூபுலர் என்பது ஈய-அமில பேட்டரி, அதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுசு குறையும். இதே வேலைக்கு 12 வோல்ட் 150 பேட்டரி நான்கு வேண்டும், ஒன்று 55 கிலோவுக்குக் குறையாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வேறு வெளியே வரும், படுக்கைக்கு அடியில் மூடி வைத்தால் ஆபத்து. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறக்காத ஆள் வேண்டும். விலை குறைவு என்பது ஒன்றுதான் அதன் பக்கம் நிற்கிறது, அதுவும் சில வருஷத்தில் மாற்றும்போது போய்விடும்.

எதை வாங்கினாலும் இன்ஜின் அறையில் வைக்காதீர்கள். அங்கே சூடு லித்தியத்தையும் சீக்கிரம் கிழடாக்கும்.

12 வோல்ட் போதுமா, 24 வேணுமா?

24. ஒரே உதாரணம் போதும். 240 வாட் சுமை, பத்து மீட்டர் தூரத்தில், 4 சதுர மில்லிமீட்டர் வயரில். 24 வோல்ட் என்றால் பத்து ஆம்பியர் ஓடும், வழியில் ஒரு வோல்ட் குறையும், நான்கு சதவீதம். 12 வோல்ட் என்றால் இருபது ஆம்பியர், இரண்டு வோல்ட் குறையும், கிட்டத்தட்ட பதினேழு சதவீதம். கெட்டுவள்ளம் நீளமானது, முன்னாலிருந்து பின்னால் வரை வயர் போக வேண்டும்.

பேனல்களை சீரியலா கொடுக்கணுமா, பேரலலா கொடுக்கணுமா?

இந்த மூன்றுக்கும் பேரலல், அதாவது பாசிட்டிவ்கள் ஒன்றாக, நெகட்டிவ்கள் ஒன்றாக. ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்ப்பது சீரியல், அதில் வோல்ட் கூடிக்கொண்டே போகும். 540 வாட் பேனலின் திறந்த வோல்ட் (சுமை எதுவும் கொடுக்காதபோது காட்டுவது) 49.5 பக்கம் இருக்கும். மூன்றைச் சீரியலாகக் கொடுத்தால் 148.5. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலரின் (பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி ஏற்றும் பெட்டி) உச்ச வரம்பு 150. அட்டையில் எழுதியிருக்கும் வோல்ட் 25 டிகிரியில் அளந்தது, பேனல் அதைவிடக் குளிர்ந்தால் வோல்ட் ஏறும். மழை ஓய்ந்து திடீரென்று வெயில் அடிக்கும் அந்த நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரம்பைத் தாண்டினால் கன்ட்ரோலர் போய்விடும், வாரண்டியிலும் வராது. பேரலலில் இன்னொரு லாபம், ஒரு பேனலில் நிழல் விழுந்தால் மற்ற இரண்டும் தம் பாட்டுக்கு வேலை செய்யும். ஒவ்வொரு பேனலுக்கும் தனி ஃப்யூஸ் போடுங்கள், பேனலின் பின்பக்கம் எழுதியிருக்கும் உச்ச ஃப்யூஸ் அளவை மீறாமல். கன்ட்ரோலர் 60 ஆம்பியர் எடுங்கள்.

எல்லா இடத்திலும் வீட்டு எம்.சி.பி.யே (கரண்ட் அதிகமானால் தானே விழும் சுவிட்ச்) போடலாமா?

கூடாது, தயவுசெய்து கூடாது. வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் (ஏ.சி. கரண்ட்) வினாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும், அதனால் சுவிட்ச் திறக்கும்போது வரும் பொறி தானாக அணையும். பேனலிலும் பேட்டரியிலும் ஓடும் நேர்திசை மின்சாரம் (டிசி கரண்ட்) அப்படித் தொடாது, பொறி எரிந்துகொண்டே இருக்கும். நான் சரிசெய்யப் போன ஒரு படகில் பேனல் லைனில் வீட்டு எம்.சி.பி. இருந்தது. ஸ்ராங்க் வெயில் நேரத்தில் அதை ஆஃப் செய்திருக்கிறார், உள்ளே பொறி நின்றபாடில்லை. பெட்டியைத் திறந்தபோது பிளாஸ்டிக் உருகி வழிந்து, பின்னாலிருந்த மூங்கில் பாயில் உள்ளங்கை அளவுக்குக் கருகிய வட்டம் இருந்தது. பாய், மூங்கில், கயிறு, பலகையில் பூசிய முந்திரிக்கொட்டை எண்ணெய், எல்லாமே எரியக்கூடியவை. சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது, ஆனாலும் ராத்திரி தூங்கும் விருந்தாளி எழுந்து ஓட இடம் இல்லை.

டிசி என்று எழுதிய எம்.சி.பி. வாங்குங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பெரிய ஃப்யூஸ் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், வயர் முதலில் எரியும். 1,500 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் எழுபது ஆம்பியர் இழுக்கும், அதற்கு 35 சதுர மில்லிமீட்டர் கேபிள் போடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் தனி வழி. அடித்தண்ணீர் பம்பை இன்வெர்ட்டரில் கொடுக்காதீர்கள், அதற்கென்று தனி ஃப்யூஸோடு நேரே பேட்டரியிலிருந்து கொடுங்கள். யாரும் படகில் இல்லாத நாளிலும் அது ஓட வேண்டும். 24 வோல்ட் பம்பாகப் பார்த்து வாங்குங்கள்.

காயல் தண்ணீர் நல்ல தண்ணீர்தானே, துரு பிடிக்குமா?

எப்போதும் நல்ல தண்ணீர் இல்லை. வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே உள்ள தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகள் திறந்திருக்கும் மாதங்களில் கடல் உப்பு தெற்கே வரும். தடுப்பணைக்கு வடக்கே ஓடும் படகுக்கு உப்பு இன்னும் அதிகம். சாதாரணச் செம்புக் கம்பியின் முனையை ஒரு வருஷம் கழித்து வெட்டிப் பாருங்கள், உறைக்குள் ஒரு விரல் நீளத்துக்குப் பச்சையாகக் களிம்பேறியிருக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கேளுங்கள், படகு வயர் என்று சொன்னால் தருவார்கள். பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரை அதற்கான கருவியால்தான் அழுத்த வேண்டும், கொறடால் நசுக்கியது முதல் மழைக்காலத்தைத் தாண்டாது.

இதே சோலாரில் படகையே ஓட்ட முடியுமா?

இந்த மூன்று பேனலால் முடியாது. சோலாரில் படகு ஓடும் என்பதற்கு நம் கண்முன்னே ஆதித்யா இருக்கிறது. 2017 ஜனவரியிலிருந்து வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே கேரள நீர்ப்போக்குவரத்துத் துறை ஓட்டும் 75 பேர் படகு அது. வைக்கம் பக்கம் போனால் டிக்கெட் எடுத்து ஒருமுறை ஏறிப் பாருங்கள், சத்தமே இல்லாமல் கரையை விட்டு நகர்வது மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும். ஆனால் அதன் கூரையில் 20 கிலோவாட் பேனலும் உள்ளே 50 யூனிட் லித்தியம் பேட்டரியும் இருக்கின்றன. எடை குறைந்த இரட்டை உடலாக, சோலாருக்கென்றே வரைந்து கட்டியது.

அப்போ ஜெனரேட்டரை விற்றுவிடலாமா?

வேண்டாம். ஜூன், ஜூலையில் நான்கு நாள் தொடர்ந்து கொட்டும்போது மூன்று பேனலும் சேர்ந்து ஒரு யூனிட் தருவதே கஷ்டம். ஜெனரேட்டர் இருக்கட்டும், அதைப் பயன்படுத்தும் முறையை மாற்றுங்கள். டீசல் ஜெனரேட்டரை நாலு பல்புக்காக ஓட்டுவதுதான் பெரிய வீண், குறைந்த சுமையில் அது டீசலைக் குடிக்கும், யூனிட் தராது. ஏசிக்காக ஓடும் நேரத்தில் 24 வோல்ட் 30 ஆம்பியர் சார்ஜர் ஒன்றை அதில் செருகுங்கள். மூன்று மணி நேரத்தில் பேட்டரிக்கு 2.4 யூனிட் ஏறிவிடும், மற்ற நேரம் படகு அமைதியாக இருக்கும். ஜெட்டியில் கரை மின்சாரம் கிடைத்தால் இதே சார்ஜரை அங்கேயும் செருகலாம்.

பி.எம். சூர்ய கர் மானியம் கிடைக்குமா?

கிடைக்காது. அது மின்வாரிய இணைப்பு உள்ள வீட்டுக் கூரைக்கானது.

போட்டு முடித்த பிறகு என்ன பார்க்கணும்?

நீர்க்காகம் உட்கார்ந்துவிட்டுப் போன வெள்ளைத் திட்டை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது. உப்புத் தண்ணீரை மொண்டு ஊற்றாதீர்கள். படகு ஆடிக்கொண்டே இருப்பதால் ஸ்குரூக்கள் தளரும், மாதம் ஒருமுறை பேட்டரி முனைகளையும் சட்டத்தின் போல்ட்டுகளையும் ஸ்பேனரால் இறுக்கிப் பாருங்கள். சுமை ஓடும்போது கேபிள் முனையில், உலோகத்தில் படாமல், மேல் உறையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், மற்ற இடத்தைவிடச் சூடாக இருந்தால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தினமும் காலை ஆறு மணிக்கு பேட்டரி எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் எழுதச் சொல்லுங்கள். அதே ஆள்கூட்டம், அதே வெயில் இருந்தும் அந்த எண் வாரத்துக்கு வாரம் இறங்கினால் என்னைக் கூப்பிடும் முன் ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரைப் பாருங்கள்.